வாசகர் கேட்கிறார்கள்: அயல்நாட்டு வீட்டில் ஒரு வகுப்பறை

கேள்வி: மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். என் கணவர் ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளர். பதினெட்டு மாதப் பணிக்காக நிறுவனம் அவரை ஜப்பானில் உள்ள ஹமாமட்சு நகருக்கு அனுப்பியதால், கடந்த ஜூன் மாதம் குடும்பத்துடன் இங்கே வந்தோம். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் சேர்க்க வேண்டுமானால் சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோக்கியோவுக்குத்தான் போக வேண்டும். மொழி தெரியாத குழந்தைகளை உள்ளூர்ப் பள்ளியில் தள்ள மனம் வராமல், சி.பி.எஸ்.இ. பாடங்களை நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். காலை ஒன்பது முதல் மூன்றரை வரை எட்டுப் பாடவேளைகள். கைபேசியில் மணி அடிக்கும். முதல் மாதம் விளையாட்டாகப் போயிற்று. இப்போது பதினோரு மணிக்கே நான் கத்தத் தொடங்கிவிடுகிறேன். தினமும் காலை ஏழரை மணிக்கு, பெட்டி போன்ற முதுகுப்பையைச் சுமந்துகொண்டு இந்தத் தெருக் குழந்தைகள் வரிசையாகப் பள்ளிக்குப் போவதை மகன் ஜன்னலருகே நின்று பார்க்கிறான். "எனக்கு மட்டும் ஏம்மா ஸ்கூல் இல்லை?" என்று அவன் கேட்ட அன்று, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கணவர் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிறது. மாமியார் வீடியோ அழைப்பில் வந்தாலே பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்கிறார். தோழிகள் எல்லாரும் "பாசிட்டிவாக இரு" என்கிறார்கள். எப்படி இருப்பது என்றுதான் தெரியவில்லை.

— ஒரு வாசகி, ஹமாமட்சு

பதில்: "பாசிட்டிவாக இரு" என்று சொல்கிறவர்கள் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள் என்றாலும், எட்டுப் பாடவேளைக்கு மேல் ஒன்பதாவதாக ஒரு வேலையையும் உங்கள் தலையில் ஏற்றிவிட்டார்கள். சமைத்து, துவைத்து, பின்னத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, முகத்தில் சிரிப்பையும் காட்ட வேண்டும் என்றால் எந்தத் தாயாலும் முடியாது. சிரிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தக் கைபேசி மணியை நிறுத்துங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1994-இல் கணவரின் வேலைக்காக சாம்பியா நாட்டின் கிட்வே நகரில் பதினான்கு மாதங்கள் இருந்தபோது, ஏழு வயது மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொன்னேன். அப்போதே பதினோரு ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியை என்ற மிதப்பில், சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஊரில் எங்கள் பள்ளியில் இருந்த கால அட்டவணையை அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் பார்த்தால், முப்பத்தைந்து கட்டங்களிலும் பச்சை மெழுகு வண்ணத்தால் "லீவு" என்று எழுதி வைத்திருந்தாள். கோடு போட்ட அதே ஸ்கேலை எடுத்து அடித்துவிட்டேன் என்பதை இன்றும் வெட்கத்துடன்தான் எழுதுகிறேன். மறுநாள் ஒரு தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்ததில், ஆறு மணி நேரத்தில் அவள் உண்மையாகப் படித்தது ஒரு மணி ஐம்பது நிமிடம். மீதி நேரம் நான் அதட்டியதிலும் அவள் பென்சில் சீவியதிலும் போயிருந்தது.

பள்ளியின் நாற்பது நிமிடப் பாடவேளை நாற்பது குழந்தைகளுக்காக வகுக்கப்பட்டது. வருகைப் பதிவு, அமைதிப்படுத்துதல், நோட்டுகளைத் திருத்துதல், பின்தங்கியவருக்காக மற்றவர்கள் காத்திருத்தல் எல்லாம் போக, ஒரு குழந்தைக்கென்று அதில் கிடைப்பது சில நிமிடங்களே. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, மகனுக்கு நாளொன்றுக்கு இரண்டு அல்லது இரண்டரை மணி நேரமும், மகளுக்கு இருபது இருபது நிமிடங்களாகப் பிரித்து ஒரு மணி நேரமும் தாராளமாகப் போதும். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும். மதியத்துக்குப் பிறகு பாடப்புத்தகம் மேசையில் இருக்கவே கூடாது என்று ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த விதி குழந்தைகளைவிட உங்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு சங்கிலி போன்றது. பின்னம் புரியாமல் தசமத்துக்குப் போக முடியாது என்பதால் அதை நாள் தவறாமல் செய்யுங்கள். வாசிப்பும் எழுத்தும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தினமும் நடக்கட்டும். அறிவியலையும் சமூகவியலையும் பாடப்புத்தக வரிசைப்படி முடித்தே தீர வேண்டும் என்ற கவலையை விட்டுவிடுங்கள். நீங்கள் இருக்கும் ஊரே அந்த இரண்டுக்கும் போதுமானது.

ஹமாமட்சுவின் மேற்கே இருக்கும் ஹமானா ஏரி ஒரு காலத்தில் நன்னீர் ஏரியாக இருந்தது. 1498-இல் வந்த பெரும் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருந்த மணல்திட்டை உடைத்துவிட்டதால், கடல்நீர் உள்ளே புகுந்து அது உவர்நீர் ஏரியாயிற்று. மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரி கடலைச் சந்திக்கும் முகத்துவாரத்துக்கு அழைத்துப் போய் இதைச் சொல்லுங்கள். 2004-க்குப் பிறகு நம் ஊர்க் குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்துவிட்ட 'சுனாமி' என்ற சொல் அந்த மண்ணின் மொழிதான். 'சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. நாகப்பட்டினம் கடற்கரையில் கேட்ட சொல்லின் பிறந்த வீட்டில் நிற்கிறோம் என்று தெரிந்தால், எந்தப் பத்து வயதுப் பையனும் ஒரு நிமிடம் வாயைத் திறந்துகொண்டு நிற்பான். வரலாறு, புவியியல், அறிவியல் மூன்றும் அந்த ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். நகரின் தெற்கே நகாதாஜிமா மணல்மேட்டுக் கடற்கரையில் கோடைக்காலத்தில் பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. சென்னையில் பெசன்ட் நகர் கரைக்குப் பங்குனி ஆமைகள் வரும் பருவம் வேறு, இங்கே பருவம் வேறு; ஏன் என்று மகளே கேட்பாள். பியானோவும் மோட்டார் சைக்கிளும் செய்யும் உங்கள் ஊரில், 1995-இல் நகராட்சி திறந்த இசைக்கருவி அருங்காட்சியகம் ஒன்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மழை நாளுக்கு அது போதும்.

தமிழ் இலக்கணத்துக்கும் அங்கே ஓர் உபகாரம் உண்டு. "நான் சோற்றைச் சாப்பிடுகிறேன்" என்பதை ஜப்பானியர்கள் "வதாஷி வா, கோஹான் ஓ, தபெமாசு" என்கிறார்கள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் நம் வரிசையிலேயே நிற்கின்றன. நம் 'ஐ' உருபு செய்யும் வேலையை அங்கே 'ஓ' செய்கிறது. 'கோஹான்' என்றால் சோறும் ஆகும், சாப்பாடும் ஆகும் என்பது உங்களுக்கு இன்னும் பிடிக்கும். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ வாதிட்டதும், பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை என்பதும் தனிக்கதை. உறவு இருக்கிறதோ இல்லையோ, இரண்டாம் வேற்றுமையை இதைவிட எளிதாக ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது.

இனி ஜன்னலுக்கு வருவோம். மகன் கேட்டது பாடத்தை அல்ல என்று நினைக்கிறேன். முதுகுப்பையும், அந்த வரிசையும், வரிசையில் தனக்கு முன்னே நடக்கும் ஒரு பையனும்தான் அவனுக்கு வேண்டும். உங்கள் பாடத்திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைத் தர முடியாது. வெளிநாட்டினரின் குழந்தைகள் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஜப்பானில் இல்லை. அதனால்தான் நீங்கள் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடிகிறது. ஆனால் பெற்றோர் விரும்பிக் கேட்டால், நகராட்சிப் பள்ளிகள் அவர்களைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டு பாடப்புத்தகமும் இலவசமாகக் கொடுக்கின்றன. மற்ற சில செலவுகள் மட்டும் நம்முடையவை. திருத்தப்பட்ட குடியேற்றச் சட்டம் 1990-இல் நடைமுறைக்கு வந்த பிறகு பிரேசிலிலிருந்து ஆயிரக்கணக்கான ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் வேலைக்கு வந்து குடியேறிய நகரம் உங்களுடையது என்பதால், மொழி தெரியாத பிள்ளை ஒன்று வகுப்பில் வந்து உட்காருவது அங்குள்ள ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. இன்னும் ஓராண்டு அங்கே இருக்கப்போகிறீர்கள். மகனைச் சேர்க்கத்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. ஆனால் நகராட்சி அலுவலகத்தில் ஒரு முறை விசாரித்து, அந்தப் பள்ளியை அவன் கண்ணால் பார்க்கவாவது செய்யுங்கள். ஆறு வயது மகள் எங்கே போனாலும் அங்குள்ள மொழியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசக் கற்றுக்கொள்வாள், அவளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சேர்க்க மனம் வராவிட்டால், பிற்பகலையாவது காலியாக வைத்திருங்கள். பள்ளி விட்ட பிள்ளைகள் மூன்றரை மணிக்கு மேல் பூங்காவில் இருப்பார்கள். நீங்கள் அந்த மூன்றரை மணி வரை உங்கள் பிள்ளைகளைச் சமூகவியல் புத்தகத்தில் கட்டிப்போடுகிறீர்கள். விட்டவுடன் மாலைச் சிற்றுண்டி, அதற்குள் இருட்டு. டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எனவே மதிய உணவு, சிறிய தூக்கம், மூன்று மணிக்குப் பந்தோடு வெளியே என்று மாற்றிப் பாருங்கள். பந்துக்கு மொழி தேவையில்லை.

உங்களைப் பற்றி ஒரு கேள்வி. கணவரையும் குழந்தைகளையும் தவிர்த்து, கடைசியாக ஒரு பெரியவரோடு நேருக்கு நேர் அமர்ந்து பத்து நிமிடம் பேசியது எப்போது? நீண்ட கடிதத்தில் அப்படி ஒருவரும் வரவில்லை. பதினோரு மணிக்குக் கத்தல் வருவதற்குப் பின்னம் காரணமில்லை. கிட்வேயில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரப் பெண்மணி ஒருவர் வாய்த்தார். பெம்பா மொழி பேசுபவர். அவர் மக்காச்சோள மாவில் களி கிண்டும்போது நான் அடுப்பருகே உட்கார்ந்திருப்பேன். அவரது ஆங்கிலமும் எனது ஆங்கிலமும் சேர்ந்தால் ஒரு ஆள் பேசும் ஆங்கிலம் தேறும். அந்த அரை மணி நேரம்தான் மீதி நாளைத் தாங்கியது. உங்கள் நகரில் வெளிநாட்டினருக்கான ஜப்பானிய மொழி வகுப்புகள் நடக்கின்றன. வாரம் இரண்டு நாள் நீங்கள் மாணவியாக ஒரு பெஞ்சில் போய் உட்காருங்கள். 'அம்மாவுக்கும் வீட்டுப்பாடம் இருக்கிறது' என்று குழந்தைகள் பார்ப்பது வேறு நன்மை.

கணவரிடம் "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள். உதவி என்று வந்துவிட்டால் அது எப்போதும் உங்கள் வேலையாகவே இருக்கும். கணக்குப் பாடத்தின் ஒரு பகுதியை, வடிவியல் என்று வைத்துக்கொள்ளுங்கள், முழுவதுமாக அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். சனிக்கிழமை காலை அவர் நடத்தட்டும். எப்படி நடத்துகிறார் என்று எட்டிப் பார்க்காமல் நீங்கள் வெளியே போய்விடுங்கள். குளிர்காலத்தில் அங்கே வீசும் வறண்ட காற்று வெளியே போகும் ஆசையைக் கெடுக்கும் என்றாலும், போங்கள். மாமியாருக்கு வாய்ப்பாடு கேட்கும் உரிமை உண்டு. வாரம் ஒரு நாள் அதற்கென்று ஒதுக்கி, பேரனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டால் இரு தரப்புக்கும் மரியாதை.

மனம் சரியில்லாத நாளில் சிரித்து நடிக்க வேண்டாம். "அம்மாவுக்கு இன்று சோர்வாக இருக்கிறது, அரை மணி நேரம் கழித்துத் தொடங்குவோம்" என்று சொன்னால் ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். ஆனால் அழுகை வாரக்கணக்கில் நீண்டு, தூக்கமும் பசியும் கெட்டால், அதைப் பாட அட்டவணையை மாற்றிச் சரிசெய்ய முடியாது. மருத்துவரைப் பாருங்கள், ஆங்கிலம் பேசும் மருத்துவர் யார் என்பதை நகராட்சியின் வெளிநாட்டினர் ஆலோசனை மையத்தில் கேட்கலாம்.

திரும்பி வந்தபின் ஓராண்டு வீணாகிவிடுமோ என்ற பயம் கடிதத்தில் இல்லாவிட்டாலும், எட்டுப் பாடவேளைக்கு அதுதான் காரணம் என்பது என் ஊகம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் இல்லாத குழந்தையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டி அரசுப் பள்ளிகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் சேர்க்கையை மறுக்க முடியாது. சேர்க்கைக்குத் தேர்வு வைப்பதை அந்தச் சட்டம் அனுமதிக்காவிட்டாலும், சில தனியார் பள்ளிகள் நடைமுறையில் ஒரு சிறு தேர்வு வைக்கக்கூடும். கணக்கும் மொழியும் கையில் இருந்தால் அதைக் கடந்துவிடலாம். மாதம் ஒரு பக்கம், என்ன படித்தார்கள், எங்கே போனார்கள் என்று எழுதி, நோட்டுகளோடு சேர்த்து வையுங்கள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால், பெட்டியில் புத்தகம் சுமந்து வரச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: ஜனவரியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குச் செல்கிறோம். எட்டு வயது மகளை நாங்களும் வீட்டிலேயே படிக்க வைக்க நினைக்கிறோம். எப்படித் தயாராவது?

— ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். ஜெர்மனியில் குழந்தை பள்ளிக்குப் போவது சட்டப்படி கட்டாயம். அங்கே குடியிருக்கும் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கும் அது பொருந்தும். வீட்டுக் கல்வியை அனுமதிக்கக் கோரிய பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயும், 2006-இலும் 2019-இலும் ஜெர்மனிக்குச் சாதகமாகவே முடிவு வந்தது. இங்கிலாந்தில் வீட்டுக் கல்விக்கு இடமுண்டு, அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும் உண்டு, சுவீடனில் மிக அரிதான காரணங்களுக்கு மட்டும் உண்டு. நாட்டுக்கு நாடு இப்படி மாறுவதால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே இதை விசாரிப்பது நல்லது.

ஏமாற்றம் அடைய வேண்டாம். ஜெர்மன் தெரியாத குழந்தைகளுக்கென்று ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்துப் பள்ளிகளில் ஆயத்த வகுப்புகள் உண்டு. பல தொடக்கப் பள்ளிகள் மதியத்தோடு முடிந்துவிடுவதால் பிற்பகல் முழுவதும் உங்கள் கையில் இருக்கும். அதில் தமிழ் வாசிப்புக்கு அரை மணி, கணக்குக்கு அரை மணி எடுத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: போட்ஸ்வானாவில் இருக்கிறோம். வீட்டில் பாடம் நடக்கும் நேரத்தில் மகன் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன். சரிதானா?

— ஒரு தாய், கபரோனி

பதில்: அவன் விளையாட்டாகக் கூப்பிட்டால் சிரித்துக்கொள்ளுங்கள். விதியாக வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பின்னத்தில் தடுமாறி அழுகை வரும்போது அவன் கூப்பிட அம்மா இருக்க வேண்டும்.

கேள்வி: என் மகள் குடும்பம் ஓராண்டுக்காகத் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகரில் இருக்கிறது. ஒன்பது வயதுப் பேரனுக்கு மகளே வீட்டில் கற்பிக்கிறாள். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் இங்கிருந்தபடி என்ன செய்ய முடியும்? அழைப்பில் வந்தால் இரண்டு நிமிடத்தில் "சரி தாத்தா, வச்சிடறேன்" என்று ஓடிவிடுகிறான்.

— ஒரு தாத்தா, கும்பகோணம்

பதில்: ஐயா, நீங்கள் அழைத்தவுடன் கேட்கும் முதல் கேள்வி "இன்று என்ன படித்தாய்?" என்பதாக இருந்தால், அவன் இரண்டு நிமிடம் நின்றதே பெரிது. காலையெல்லாம் தாயிடம் தேர்வு எழுதிய பிள்ளை மாலையில் தாத்தாவிடமும் எழுத மாட்டான்.

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். அவன் உங்களுக்கு சுவாஹிலி சொல்லித்தரட்டும். இந்தியப் பெருங்கடலில் நூற்றாண்டுகளாக வணிகம் நடந்ததால் இந்தியச் சொற்கள் பல அந்த மொழியில் கலந்திருக்கின்றன. வண்டிக்கு 'காரி', இலட்சத்துக்கு 'லாக்கி', சப்பாத்திக்குச் சப்பாத்தியேதான். வாரம் ஐந்து சொற்களைக் கற்றுக்கொண்டு நீங்கள் தப்பாகச் சொல்லுங்கள். திருத்துவதற்காகவே அவன் அழைப்பான். தாருஸ்ஸலாம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. நீங்கள் மாலைக் காபிக்கு உட்காரும் ஐந்து மணி அங்கே மதியம் இரண்டரை. காலைப் பாடம் முடிந்து, மகளுக்கு ஓய்வு தேவைப்படும் நேரம். தினமும் அந்த இருபது நிமிடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால், அவள் முதுகைச் சாய்க்கலாம்.

வங்கியில் இருந்தவர் என்பதால் ஷில்லிங்கை ரூபாயாக மாற்றும் கணக்கை உங்களைவிட நன்றாகச் சொல்லித்தர அந்த வீட்டில் ஆள் இல்லை. கடைக்குப் போய் வந்த ரசீதை அவன் கேமரா முன் காட்டட்டும், நீங்கள் நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். மாதம் ஒரு முறை கையால் கடிதம் எழுதி அஞ்சலில் அனுப்புங்கள். அச்செழுத்தையே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு உங்கள் 'ழ'வையும் 'ண'வையும் கண்டுபிடித்து வாசிக்க ஒரு பொழுது ஆகும். மகாமகக் குளத்துப் படிக்கட்டில் நீங்கள் சிறுவயதில் வழுக்கி விழுந்திருந்தால் அதை எழுதுங்கள். விழாவிட்டாலும், யாரோ ஒருவர் விழுந்திருப்பார்.